ஆற்றங்கரை வாடி: ஆடி பிறந்ததும் வரும் கேள்விகள்

எங்கள் அம்மம்மா வழிக் குடும்பம் ஒவ்வொரு ஆவணியிலும் ஒரு கிழமை கூடியிருப்பது மட்டக்களப்பு ஆறு என்று நாங்கள் சொல்லும் வாவியின் மேற்குக் கரையில், அம்பிளாந்துறைக்கும் மண்டூருக்கும் நடுவே உள்ள ஒரு வாடியில். ஆடி பிறந்தால் போதும், குடும்ப வாட்சப் குழுவில் கேள்விகள் தொடங்கிவிடும். போன வருடம் கேட்ட அதே கேள்விகள்; கேட்பதும் பெரும்பாலும் அதே ஆட்கள். கலியாணம் முடித்துப் புதிதாக எங்களோடு சேர்ந்தவர்கள், கனடாவிலும் லண்டனிலும் வளரும் பிள்ளைகள், இப்படி ஓர் இடம் தங்களுக்கும் இருந்தால் நல்லது என்று யோசிக்கும் நண்பர்கள் என்று ஆட்களும் கூடிவிட்டார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் தட்டச்சு செய்து விரல் நோகிறது. எல்லாருக்குமாக இதில் எழுதிவிடுகிறேன்.

வாடி என்றால் எப்படி இருக்கும்? பாசிக்குடா கபானா மாதிரியா?

பாசிக்குடாக் கடற்கரை விடுதிகளில் கிடைக்கிற எதுவும் இங்கே கிடைக்காது. அம்மப்பா வயல் காவலுக்கு வாடி போட்ட இடம் இது. இப்போது சீமெந்து நிலத்தோடு இரண்டு அறை, ஆற்றைப் பார்த்த அகலமான விறாந்தை, பின்னால் குசினி, கிணறு, மலசலகூடம். கட்டில் இரண்டுதான். அவை முழங்கால் நோகிறவர்களுக்கு. மற்ற எல்லாருக்கும் பாய்.

கூரை கிடுகு. ஒவ்வொரு ஆடியிலும் கிடுகு மாற்றுவோம். தென்னோலையை நடுவால் கிழித்து, ஆற்றில் கல்லைப் பாரம் வைத்துச் சில நாள் ஊறப்போட்டு, ஈரம் காயுமுன் பின்ன வேண்டும். ஊறிய ஓலை பின்னும்போது ஒடியாது, பூச்சியும் லேசில் பிடிக்காது. பக்கத்து வளவு அக்கா பின்னுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். காலால் ஓலையின் தண்டை மிதித்துக்கொண்டு ஒன்று விட்டு ஒன்றாக ஈர்க்கைத் தூக்கி மடிப்பார். கை ஓடிக்கொண்டே இருக்கும், வாய் ஊர்க்கதை சொல்லிக்கொண்டே இருக்கும். நீங்கள் வந்து சேரும் முதல் இரண்டு நாள் கூரையிலிருந்து ஆற்றுச் சேற்று மணம் வரும். குழாய் எங்கேயோ உடைந்துவிட்டது என்று யாரும் தேட வேண்டாம்.

ஏன் எப்போதும் ஆவணி? டிசம்பரில் வைத்தால் நாங்களும் வரலாமே?

இந்தக் கேள்வி லண்டனிலிருந்து ஒவ்வொரு வருடமும் வரும். டிசம்பரில் வந்தால் வாடிக்குத் தோணியில்தான் வரவேண்டியிருக்கும்.

கிழக்குக்கு மழை வடகீழ் பருவக்காற்றோடு வருகிறது. ஐப்பசி கடைசியில் பிடித்தால் தை வரை விடாது. மேற்கே உள்ள குளங்கள் நிரம்பி வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் எல்லாம் வயல்களைக் கடந்து ஆற்றுக்குள்தான் இறங்கும். ஆற்றுக்கோ கடலோடு சேர இரண்டு வாய்தான்: வடக்கே மட்டக்களப்பு முகத்துவாரம், தெற்கே கல்லாறு. கோடையில் அலை கொண்டுவந்து கொட்டும் மணல் இரண்டையும் அடைத்துவிடும். மாரியில் அது உடையும் வரை, அல்லது வெட்டி விடும் வரை, தண்ணீர் போக வழியில்லாமல் படுவான்கரைப் பக்கம், அதாவது நாங்கள் இருக்கும் மேற்குக் கரைப் பக்கம், ஏறும். 2011 தை மாத வெள்ளம் ஏறிய அளவு எங்கள் குசினிச் சுவரில் இன்னும் பழுப்புக் கோடாகத் தெரிகிறது. இடுப்பளவு. 1978 கார்த்திகை 23ஆம் திகதிப் புயலைப் பற்றிப் பெரியம்மாவிடம் கேளுங்கள். ஆனால் இரவில் கேட்காதீர்கள், பிள்ளைகள் நித்திரை கொள்ள மாட்டார்கள்.

ஆவணியில் ஆறு வற்றி அமைதியாகக் கிடக்கும். பள்ளிக்கூட விடுமுறை. சிறுபோக வேளாண்மை வெட்டு, அதாவது நெல் அறுவடை, நடக்கும். பகலில் கச்சான் காற்று மேற்கேயிருந்து சூடாக அடிக்கும், அதை மறைக்க மாட்டேன். உதடு வெடிக்கும், துணி அரை மணித்தியாலத்தில் காயும். பின்னேரம் கடற்காற்று கிழக்கேயிருந்து ஆற்றைத் தாண்டி வந்ததும் விறாந்தையில் இடம் பிடிக்கச் சண்டை தொடங்கும்.

சித்திரையில் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வருடப்பிறப்புக்கு அவரவர் வீட்டில் இருக்க வேண்டாமா?

எப்படி வந்து சேர்வது?

கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு ரயில்தான் என் சிபாரிசு. காலையில் கோட்டையில் உதயதேவி ஏறினால் பொலன்னறுவை, வெலிக்கந்தை, புனானை தாண்டிப் பின்னேரம் மட்டக்களப்பு. இரவு ரயிலும் உண்டு. இரவில் ஏறினால் விடியும்போது ஊரில் இருக்கலாம், ஆனால் பிள்ளைகள் காட்டைப் பார்க்க மாட்டார்கள்.

நகரத்திலிருந்து கல்முனை வீதியால் ஆரையம்பதி, பிறகு மேற்கே திரும்பி மண்முனைப் பாலம், கொக்கட்டிச்சோலை, அங்கிருந்து தெற்கே. 2014 சித்திரையில் அந்தப் பாலம் திறக்கும் வரை மண்முனைத் துறையில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுக்குக் காத்து நின்றுதான் இக்கரை வர வேண்டும். வாகனத்தையும் ஆட்களையும் மாட்டையும் ஒரே தட்டில் ஏற்றி இழுத்து வருவார்கள். இப்போது பாலத்தால் சில நிமிடம். என்றாலும் ஒரு நாள் பிள்ளைகளைக் குருமண்வெளித் துறைக்குக் கூட்டிப்போய்ப் பாதையில் ஏற்றுவோம். ஏறாமல் போனால் அந்த வருடம் வந்ததாகவே அவர்கள் கணக்கெடுப்பதில்லை.

கடைசித் துண்டு வயல் வரம்பு. கார் வராது. சாமான்களை உழவு மெஷின் பெட்டியில் ஏற்றலாம், நீங்கள் நடக்கலாம். எப்படி வந்தாலும் இருட்டுப்பட முதல் வந்து சேருங்கள்.

ஏன் இருட்டுப்பட முதல்? யானையா?

ஆம். வெல்லாவெளி, போரதீவுப் பக்கம் யானைத் தொல்லை ஊருக்கே பழகிப்போன கவலை. வெட்டுக் காலத்தில் நெல் மணத்துக்கு வரும். எங்கள் பக்கம் குறைவு, ஆனால் வராது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆறு மணிக்குப் பிறகு வரம்பில் மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டாம். வயல்காரர் தீப்பந்தம், யானை வெடி எல்லாம் வைத்திருக்கிறார்கள். வெடிச் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் இருங்கள், படம் எடுக்க ஓடாதீர்கள். ஓடக்கூடிய ஆள் யார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், பெயர் சொல்லவில்லை.

ஆற்றில் குளிக்கலாமா?

கிணற்றில் குளிக்கலாம்.

ஆற்றில் முதலை உண்டு. கண்ணா (கண்டல்) மரங்களுக்குக் கீழே சேற்றில் படுத்துக் கிடந்தால் கட்டை என்றுதான் நினைப்பீர்கள். ஊர் ஆட்கள் காலையில் திறந்த கரையில் இறங்கிக் குளிக்கிறார்களே என்று கேட்காதீர்கள். எந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு, நேற்று எது எங்கே கிடந்தது என்று அவர்களுக்குத் தெரியும். உங்களுக்கு வருடத்தில் ஒரு கிழமைதான் தெரியும். பிள்ளைகள் பெரியவர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை இறங்கலாம், அதுவும் வெயில் நேரத்தில் மட்டும். விடியப்புறமும் மாலைக் கருக்கலிலும் யாரும் தண்ணீர் ஓரம் போகக் கூடாது. மீன் கழுவப் போகிறவர்களுக்கும் இதுதான்.

கிணற்றுத் தண்ணீர் இனிப்பு. தோட்டப் பக்கம் வாழைக்குக் கீழே நின்று வாளியால் அள்ளி ஊற்றிப் பாருங்கள், ஆற்று ஆசை போய்விடும்.

சாப்பாடு எப்படி? யார் சமைப்பது?

எல்லாரும். மச்சான்மார் தேங்காய் துருவுவார்கள், அதற்கு மேல் அவர்களை நம்ப வேண்டாம்.

அரிசி நம் வயல் சிவப்பரிசி. மரக்கறி கொக்கட்டிச்சோலையில் வாங்குவோம். மீனுக்கு விறாந்தையில் இருந்தபடியே ஏற்பாடு. வாடியைப் பார்த்துக்கொள்ளும் மாமா காலையில் வீச்சுவலையோடு தோணியில் போவார். பிள்ளைகளில் ஒருவர் முறை வைத்துக் கூடப் போகலாம், ஆட்டாமல் இருக்கத் தெரிந்தால். தோணி முனையில் நின்று வலையின் ஒரு பாதியைத் தோளில் போடுவார். மறு பாதியைக் கையில் மடித்து, விளிம்பில் உள்ள ஈயக் குண்டு ஒன்றைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார். உடம்பைத் திருப்பி வீசும்போது எந்தக் கணத்தில் பல்லை விடுகிறார் என்று எத்தனை தரம் பார்த்தாலும் பிடிபடாது. வலை வட்டமாக விரிந்து தண்ணீரில் விழுந்ததும் கொஞ்சம் பொறுப்பார், குண்டுகள் அடியில் போய் உட்கார வேண்டும். பிறகு மெதுவாக, கொஞ்சமும் அவசரப்படாமல் இழுப்பார். பாதி நேரம் வெறும் பாசிதான் வரும். கொடுவா ஒன்று விழுந்தால் அன்று மத்தியானம் திருவிழா.

இறாலை முருங்கையிலையோடு சுண்டுவது சின்னம்மாவின் உரிமை. வேறு யாரும் தொடக் கூடாது. நண்டுக் குழம்பு வைக்கும் நாளில் வெள்ளைச் சட்டையோடு உட்காராதீர்கள். இரவுக்குப் பிட்டு அல்லது இடியப்பம், சொதி, சம்பல்.

தயிரைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அதற்காகவே பாதிப்பேர் வருகிறீர்கள். எருமைத் தயிர், மண் சட்டியில். பெரும்போக விதைப்புக் காலத்தில் மாடுகளைத் தூர மேய்ச்சல்தரைக்குச் சாய்த்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆவணியில் ஊர்ப் பக்கம் நிற்கும், ஆகவே பால் தட்டில்லை. சட்டி வாங்கினால் முதலில் மேல் ஆடையை யார் எடுத்தது என்ற விசாரணை நடக்கும். கித்துள் பாணி கொண்டுவருவது கொழும்புக்காரர் பொறுப்பு. கனடாவிலிருந்து மேப்பிள் பாணி கொண்டுவந்து ஊற்றிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மோசமில்லை, ஆனால் கித்துள் இல்லை.

கரண்ட், சிக்னல், வைஃபை?

கரண்ட் உண்டு, போய்ப் போய் வரும். சிக்னல் கிணற்றடியில் எழுவான்கரையை, அதாவது கிழக்குக் கரையை, பார்த்து நின்றால் கிடைக்கும். வைஃபை இல்லை.

ஒரு கிழமை முழுக்க என்னதான் செய்வது? பிள்ளைகளுக்குச் சலிக்காதா?

சலிக்கும். முதல் இரண்டு நாள் நன்றாகச் சலிக்கும், ‘அம்மா, இனி என்ன?’ என்று சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு திரிவார்கள். அதற்காக உடனே வாகனம் பிடித்துப் பாசிக்குடாவுக்கோ அறுகம்பைக்கோ கூட்டிப் போகிற பெற்றோரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மூன்றாம் நாள் பாருங்கள். சேற்று நண்டின் வளைக்கு முன்னால் குந்தியிருப்பார்கள். கிடுகு மிச்சத்தில் காற்றாடி செய்வார்கள். கொக்கு எத்தனை, நீர்க்காகம் எத்தனை என்று எண்ணிச் சண்டை பிடிப்பார்கள். பாலைப்பழம் கடைசிக் கொத்தாகக் கிடைத்தால் வாய் ஒட்டிக்கொண்டு பேச முடியாமல் திரிவார்கள், வீட்டுக்கு அமைதி.

பெரியவர்களுக்கு 304 என்ற சீட்டாட்டம். தெரியாமல் குடும்பத்துக்குள் வந்த மருமக்களுக்காகச் சுருக்கமாக: ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. நான்கு இனத்தையும் கூட்டினால் 304, அதுதான் பெயர். எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றும் இல்லை. துரும்பைக் கவிழ்த்து வைத்துக் கேள்வி (ஏலம்) கேட்டு விளையாடுவது. விளையாட்டை ஒரு பின்னேரத்தில் பழகலாம். பெரியப்பாவின் கண்ணைப் பார்த்து அவர் கையில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பல ஆவணிகள் வேண்டும்.

இதைத் தவிர வேறு நிகழ்ச்சி நிரல் கிடையாது. நிகழ்ச்சி நிரல் தயாரிக்க ஆர்வமுள்ளவர்கள் தயவுசெய்து அந்த ஆர்வத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும்.

உண்மையிலேயே அமைதியான இடமா?

காலை நாலரைக்கு அக்கரைக் கோயில் லவுட்ஸ்பீக்கர் தொடங்கும். தண்ணீருக்கு மேலால் வரும் சத்தம் பக்கத்து வீட்டில் பாடுவது போல் கேட்கும். பகலில் வெட்டு மெஷின். இரவில் எங்கள் மூத்த அண்ணரின் குறட்டை. ஆனால் யாரும் உங்களை எதற்கும் அவசரப்படுத்த மாட்டார்கள். அந்த அமைதி போதும் என்றால் வாருங்கள்.

பாடும் மீன் கேட்குமா?

அதற்குக் கல்லடிப் பாலத்தடிக்குப் போக வேண்டும், எங்கள் பக்கம் கேட்பதில்லை. கோடையில், காற்று விழுந்த பூரணை இரவுகளில் தோணியில் போய்ச் சவளை (துடுப்பை) நீருக்குள் விட்டு மறு நுனியில் காதை வைத்துக் கேட்பது வழக்கம். மீனா, சிப்பியா, நண்டா என்று வாதம் இன்னும் முடியவில்லை. ஊருக்குத் திரும்பும் வழியில் 1924இல் திறந்த பழைய பாலத்தின் மேல் கொஞ்சம் நடந்துவிட்டுப் போங்கள். பெரிய வாகனங்கள் எல்லாம் பக்கத்தில் உள்ள புதுப் பாலத்தால் போகின்றன, நடக்க இடம் இருக்கிறது.

கோயிலுக்குப் போகலாமா?

ஆவணியில் மண்டூர் முருகன் திருவிழா வரும். அங்கே கப்புகனார் என்ற பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார், கதிர்காமத்தில் போல. பட்டு வேட்டி தேவையில்லை, தோய்த்த வேட்டி போதும். கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயிலில் தேர் ஆவணி, புரட்டாதிப் பக்கம் வரும். எங்கள் கிழமைக்குள் விழுந்தால் அதிர்ஷ்டம். போர்த்துக்கேயர் வந்தபோது கல் நந்தி எழுந்து புல் தின்றது என்ற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போனால் நடக்கக் கஷ்டம் தெரியாது. கேள்வி கேட்கிற வயதுப் பிள்ளை என்றால் சாணி போட்டதா என்றும் கேட்கும். போட்டது என்றுதான் ஊரில் சொல்கிறார்கள்.

வாடி யாருடையது? செலவை எப்படிப் பிரிக்கிறோம்?

காணி பெரியம்மா பெயரில். மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்பிள்ளை வழியாகப் போவதுதான் வழமை, குடி என்கிற குலமும் தாய்வழிதான். அம்மப்பா அதைச் சீதனமாக மூத்தவருக்கு எழுதினார். பெரியம்மாவுக்குப் பிறகு அவர் மகளுக்கு. அதனால் கூரை, கிணறு, வேலி பற்றிய கடைசிச் சொல் பெரியம்மாவுடையது. ஆண்கள் கருத்துச் சொல்லலாம்.

செலவு வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்போம், ஆளுக்கு அல்ல. பிள்ளை கூடிய வீடு கூடக் கொடுக்க வேண்டுமென்றால் யாரும் பிள்ளைகளைக் கூட்டிவர மாட்டார்கள். கிடுகும் மாமாவின் சம்பளமும் வெளிநாட்டில் உள்ளவர்கள் பொறுப்பு, வந்தாலும் வராவிட்டாலும். வரவில்லை என்பதற்காக மாமா அந்த வருடம் சாப்பிடாமல் இருக்க முடியாதே.

யுத்த காலத்திலும் போனீர்களா?

பல வருடம் போகவில்லை. படுவான்கரைக்கு வருவதென்றால் துறையடியில் இறங்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டை காட்டி, பையைக் கொட்டிக் காட்டி வர வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உல்லாசமாக வரும் பயணம் அல்ல அது. அந்த வருடங்களில் அம்மப்பாவின் வாடி இல்லாமலே போனது. 2007இல் சண்டை ஓய்ந்து ஊர்ச் சனம் திரும்பக் குடியேறிய பிறகு போய்ப் பார்த்தபோது கிணறும் இரண்டு தென்னையும் நின்றன. இப்போதுள்ளது அதற்குப் பின் கட்டியது. இதற்கு மேல் கேட்க வேண்டுமென்றால் பெரியவர்கள் தாமாகச் சொல்லும் நேரம் பார்த்துக் கேளுங்கள்.

இவ்வளவு நல்ல இடத்தைப் பெருப்பித்து வாடகைக்கு விட்டால் என்ன?

மருமக்களில் ஒருவராவது இதை ஒரு கணக்குத் தாளோடு கேட்பார். கணக்குச் சரியாகத்தான் இருக்கும்.

வாடகைக்கு விட்டால் ஏசி வேண்டும். ஏசிக்கு ஓட்டுக் கூரை வேண்டும், அடைத்த சுவர் வேண்டும், ஜெனரேட்டர் வேண்டும். அவ்வளவு காசு போட்டால் ஆவணிதான் நல்ல வாடகை வரும் மாதம், நம்மால் வர முடியாது. நம் வாடிக்கு நாமே விருந்தாளியாகக் காசு கட்டி, வேறு யாருக்கும் வேண்டாத மார்கழியில் வெள்ளத்துக்குள் வந்து இருப்போம். இதைச் சொன்னதும் பெரும்பாலும் கணக்குத் தாள் மடிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. வருடம் தவறாமல் ஒரே இடத்துக்கு, ஒரே மாதத்தில் வருவதால்தான் இங்கே மற்றவர்களும் நமக்காக ஏற்பாடாக இருக்கிறார்கள். ஓலை பின்னும் அக்கா நாம் சொல்லாமலே ஓலையை ஊறப்போடுகிறார். தயிர்க்காரர் அந்தக் கிழமைக்குச் சட்டி ஒதுக்கி வைக்கிறார். எழுவான்கரையில் இருந்து மாமி ஒருவர் நாம் வந்த மூன்றாம் நாள் பலகாரத்தோடு வந்துவிடுவார், யார் சொன்னார்கள் என்று கேட்டால் ‘அக்கரையில விளக்குத் தெரிஞ்சுது மனே’ என்பார். இடத்தை வருடா வருடம் மாற்றிப் போகிற குடும்பங்களுக்கு நல்ல படங்கள் நிறைய இருக்கும். எங்களுக்கு ஒரே விறாந்தையின் படங்கள்தான், அதில் தலைமயிர் நரைப்பது மட்டும் மாறும்.

யாருக்காவது சுகமில்லாமல் போனால்?

1990க்கு அடித்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். வரம்பு முடியும் இடத்துக்கு நாம் ஆளைக் கொண்டுபோய் நிற்க வேண்டும். களுவாஞ்சிக்குடியில் ஆதார வைத்தியசாலை, நகரத்தில் போதனா வைத்தியசாலை. பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது ஒன்றும் வேண்டாம். கடிபட்ட காலை ஆட்டாமல் வைத்து நேரே ஆஸ்பத்திரி. வயல் பக்கம் புடையன் இருக்கிறது, ஆகவே இரவில் வெளியே போக டோர்ச் லைட், காலுக்குச் செருப்பு. பிரஷர், சீனி மாத்திரைகளைக் கிழமைக்கு மேல் இரண்டு நாளுக்குச் சேர்த்துக் கொண்டுவாருங்கள். பக்கத்தில் பாமசி இல்லை.

என்ன கொண்டுவர வேண்டும்?

படுக்கை விரிப்பு, நுளம்புத்திரி, டோர்ச், தொப்பி, சாரமோ சோட்டியோ இரண்டு. பிளாஸ்டிக் பை கொண்டுவந்தால் அதே பையில் குப்பையைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும், ஆற்றுக்குள் ஒன்றும் போகக் கூடாது. சீட்டுக் கட்டுப் புதிது ஒன்று. பழைய கட்டில் இஸ்பேட் ஒன்பதின் மூலை மடிந்திருக்கிறது, அது யாருக்கு உதவியாக இருக்கிறது என்று குழுவில் விவாதிக்க வேண்டாம்.

நாய்க்குட்டியைக் கூட்டிவரலாமா?

வேண்டாம். முதலை முதலில் பிடிப்பது நாயைத்தான், ஆற்றங்கரையில் நாய் வளர்க்கிற யாரிடமும் கேட்டுப் பாருங்கள். மாமாவின் இரண்டு நாய்கள் இருக்கின்றன; அவற்றுக்குத் தண்ணீர் ஓரம் போகக் கூடாது என்று தெரியும், புதிய நாயைக் கண்டால் சும்மா விடாது என்றும் எங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள், வரும்போது அவர்களுக்கு ஒரு சட்டி தயிர் வாங்கித் தருகிறேன்.